முன்சில்லு இழுக்கவில்லை

வட்டுக்கோட்டை
18.08.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நானும் மாமியும் கோகுலனும் சுகம். நீங்களும் அங்கே சுகமாயிருக்க வேண்டும் என்றுதான் இரண்டு நேரமும் விளக்கு வைக்கிறேன். பல்லுக்கொதி என்று எழுதியிருந்தீர்கள். மருந்து தந்தார்களா? சூடான தண்ணீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்க அங்கே வசதி உண்டா?

இந்தக் கடிதம் கோகுலன் கேட்டு எழுதுவது. வியாழக்கிழமை உழவு இயந்திரம் புதைந்துவிட்டது. நாலு சில்லும் இழுப்பதற்கான லீவரைப் போட்டும் முன்சில்லு இரண்டும் சும்மா நின்றனவாம். பின்சில்லு மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியதாம். கயிறு போட்டு ஆட்கள் இழுத்துத்தான் எடுத்தார்கள். "அண்ணையிட்டைக் கேட்டு எழுதுங்கோ அண்ணி. அவருக்குத்தான் உந்த மெசின்ரை குணம் தெரியும்" என்று இரண்டு நாளாய் என் பின்னால் திரிகிறான்.

இன்னொன்று. உங்கள் மெசினின் இழுவைப் பெட்டியில் மோதி இறந்த அந்தப் பொடியன் ஜெயசுதனின் ஆண்டுத் திவச அறிவித்தல் பேப்பரில் படத்தோடு வந்தது. மாமி பார்க்கமுன் மடித்து வைத்துவிட்டேன். நீங்கள் சிறைக்குப் போன மாசியிலிருந்து அவ பேப்பர் கேட்பதும் குறைவு.

பதில் போடவும்.

உங்கள் அருந்ததி

*

அநுராதபுரம்
27.08.2024

அன்பின் அருந்ததிக்கு,

நான் சுகம். பல்லுக்கொதி அடங்கிவிட்டது. அம்மாவை வெயிலுக்குள் திரியவிடாதே. இங்கே வரும் தமிழ்க் கடிதங்களை வாசித்துப் பார்த்து விடுகிற ஐயா லீவில் நின்றதால் உன் கடிதம் சுணங்கித்தான் கையில் கிடைத்தது.

மெசினுக்கு வருகிறேன். இதைக் கோகுலனுக்கு நீயே வாசித்துக் காட்டு. என் எழுத்து அவனுக்கு விளங்காது. முதலில் லீவர். இருக்கைக்குக் கீழே இடப்பக்கம் இருக்கிறது. அதைத் தள்ளும்போது ஓர் இடத்தில் 'டக்' என்று விழ வேண்டும். விழாமல் தளர்ந்து ஆடினால் லீவரையும் கியர்பொக்ஸையும் தொடுக்கிற கம்பியைப் பிடிக்கிற 'பின்' ஊசி தேய்ந்துவிட்டது. சின்னச் சாமான், எந்தக் கடையிலும் வாங்கலாம். நிற்கிற மெசினில் லீவர் விழ மறுத்தால் பலவந்தம் பண்ணக்கூடாது. மெல்ல உருட்டிக்கொண்டு போட்டால் பல்லோடு பல் சேரும்.

லீவர் நல்லதென்றால் அடுத்தது மெசினின் வயிற்றடி. பின்னிருந்து முன்னுக்குப் போகும் தண்டை ஒரு குழாய் மூடியிருக்கிறது. அந்தக் குழாயைப் பின்னுக்குத் தள்ளினால், கியர்பொக்ஸ் தண்டையும் இந்தத் தண்டையும் கோக்கிற கையளவு இணைப்பு ஒன்று தெரியும். அதை ஓர் ஆணி பிடித்திருக்கும். அந்த ஆணி இல்லையென்றால் இணைப்பு வழுகும். லீவர் விழும், சில்லு சுற்றாது.

கெதியாய்ப் பார்க்கச் சொல். மெசின் சும்மா நிற்கக் கூடாது.

அன்புடன்
மயூரதன்

*

வட்டுக்கோட்டை
08.09.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே மூவரும் சுகம். உங்கள் சுகத்தை அறிய ஆவல்.

நீங்கள் சொன்னது சரி. கம்பியின் 'பின்' ஊசிதான். கோகுலன் சந்தியில் வாங்கிப் போட்டான். லீவர் 'டக்' என்று விழுகிறது, முன்சில்லு இழுக்கிறது. "அண்ணை அங்க இருந்தே மெசினைத் திருத்திப்போட்டார்" என்று மாமிக்குச் சொன்னான். மாமி கனநாளைக்குப் பிறகு சிரித்தா.

மெசின் ஒவ்வொரு நாளும் வெளியே போகிறது. விடிய முன் வந்து அதைக் கழுவிவிட்டுத்தான் கோகுலன் படுக்கிறான். முன்பெல்லாம் சொன்னாலும் கழுவமாட்டான். கழுவின தண்ணீர் ஓடுகிற பக்கத்தில் நான் வைத்த வாழைக்குட்டிகளின் இலை ஓரம் கருகுகிறது. ஏதும் நோயோ தெரியவில்லை.

கிணற்று மோட்டரும் இடைக்கிடை நிற்கிறது. அதை நானே பார்த்துக்கொள்வேன்.

உங்கள் அருந்ததி

*

அநுராதபுரம்
17.09.2024

அன்பின் அருந்ததிக்கு,

நலம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும்.

மெசின் ஓடுகிறதென்று வாசித்ததும் மனம் கொஞ்சம் இலேசாகியது. கோகுலனும் போன கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு ஒன்றை மறக்காமல் சொல். தார் ரோட்டில் ஏறியதும் லீவரை எடுத்துவிட வேண்டும். சேற்றிலும் மணலிலும் சில்லு வழுகும், அதனால் பாதகமில்லை. ரோட்டில் வழுக இடமில்லை. முன்னும் பின்னும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்லைத் தின்றுவிடும். பாரம் வேறு.

நல்ல செய்தி ஒன்று. மேன்முறையீட்டுக்குக் கொழும்பிலிருந்து பெரிய சட்டத்தரணி ஒருவரை ஒழுங்கு பண்ணலாம் போலிருக்கிறது. தைக்கு முன் வெளியே வரவும் கூடும் என்கிறார்கள். யார், எப்படி என்பதெல்லாம் நீ யோசிக்க வேண்டாம். நீ அம்மாவைப் பார்த்துக்கொள். எனக்கு இங்கே இருக்க முடியவில்லை, அருந்ததி. சுவரைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன், திரும்பி நடக்கிறேன்.

மயூரதன்

*

வட்டுக்கோட்டை
30.09.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நாங்கள் சுகம். உங்களுக்கு நித்திரை வருகிறதா என்று எழுதவும்.

மெசின் திரும்பவும் பழைய குணத்தைக் காட்டுகிறது. லீவர் விழுகிறது, சத்தமும் கேட்கிறது, முன்சில்லு மட்டும் இழுக்கவில்லை. கோகுலன் கம்பியைக் கழற்றிப் பூட்டிப் பார்த்துவிட்டான். அதில் பிழை இல்லை. அவன் சாப்பிடுவதுமில்லை, ஓரிடத்தில் இருப்பதுமில்லை. படலையடிக்குப் போவதும் வருவதுமாய் இருக்கிறான்.

நேற்று செல்வநாயகம் என்கிறவர் வந்தார். கட்டட வேலைகளுக்குச் சாமான் கொடுக்கிறவராம். உங்களைத் தெரியும் என்றார். உங்கள் சுகத்தைக் கேட்க முன் மெசின் எப்போது ஓடும் என்று கேட்டார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன், நிற்கவில்லை.

உங்கள் அருந்ததி

*

அநுராதபுரம்
08.10.2024

அன்பின் அருந்ததிக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை. நித்திரைதான் இல்லை. கண்ணை மூடினால் மெசினுக்குக் கீழே கிடக்கிறேன். மனதுக்குள்ளே கழற்றிக் கழற்றிப் பூட்டுகிறேன்.

இந்தமுறை ஒழுங்காகச் செய்யச் சொல். பின்சில்லுகளுக்குக் கல் வைத்து, முன்பக்கத்தை ஜக்கில் தூக்க வேண்டும், இரண்டு முன்சில்லும் நிலத்தில் படக்கூடாது. இஞ்சினை நிற்பாட்டிக் கியரில் விட்டு, லீவரைப் போட்டு, ஒரு முன்சில்லைக் கையால் சுற்ற வேண்டும். மற்றச் சில்லு எதிர்ப்பக்கம் சுற்றினால் முன் அச்சுக்குள் பல்லெல்லாம் நல்லது. பிறகு ஆளுக்கொரு சில்லாய் இரண்டு பேர் பிடித்து ஒரே பக்கம் சுற்றுங்கள். அசையக் கூடாது. அசைந்தால் நடுவில் எங்கோ தொடர்பு விட்டிருக்கிறது. அப்போது அந்தக் குழாயைப் பின்னுக்குத் தள்ளி இணைப்பையும் ஆணியையும் பார்க்க வேண்டும். முன் அச்சின் ஒயிலையும் பார்க்கவும். பால் நிறமாய் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது.

எல்லாவற்றையும் பார்த்து உடனே எழுது. செல்வநாயகம் வந்தால் மரியாதையாகக் கதை.

மயூரதன்

*

வட்டுக்கோட்டை
19.10.2024

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. மாமிக்குத் தடிமன் வந்து மாறிவிட்டது.

ஜக்கில் தூக்கிப் பார்த்தோம். ஒரு சில்லைச் சுற்ற மற்றது எதிர்ப்பக்கம் சுற்றியது. ஒயில் பால் நிறமில்லை. கோகுலன் பட்டணத்திலிருந்து மெக்கானிக் முனாஸ் நானாவைக் கூட்டிவந்தான். அவர் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, ஒரு சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும், சுணங்கும் என்றார்.

மழை தொடங்கிவிட்டது. பக்கத்து வயல்களில் விதைத்துவிட்டார்கள். எங்கள் வயல் அப்படியே கிடக்கிறது.

உங்கள் அருந்ததி

*

அநுராதபுரம்
27.10.2024

அருந்ததி,

சுகம்.

இரண்டு சில்லையும் ஒரே பக்கம் சுற்றச் சொன்னேன். குழாயைத் தள்ளிப் பார்க்கச் சொன்னேன். இரண்டுக்கும் உன் கடிதத்தில் பதில் இல்லை. நேற்றுக் கோகுலன் வந்தபோது கேட்டேன். "என்ன குழாய் அண்ணை?" என்கிறான். நீ அவனுக்கு வாசித்துக் காட்டவில்லையா? முனாஸ் எந்தச் சாமானையும் தானே கடைந்து போடுகிற ஆள். அவர் ஏன் கொழும்பைச் சொல்கிறார்?

குழாயைத் தள்ளிப் பார்க்கச் சொல்லி அவனிடமே சொல்லி அனுப்பினேன். செல்வநாயகம் அண்ணை இனியும் காத்திருக்கமாட்டார். அவர் விட்டால் சட்டத்தரணியும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. விளங்குகிறதா? பார்த்தாயா இல்லையா என்று ஒரு வரி எழுது.

மயூரதன்

*

வட்டுக்கோட்டை
05.11.2024

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் சுகமாயிருக்க வேண்டும். இதை வாசித்த பிறகும்.

பார்த்தேன். ஆணியைக் கழற்றியது நான்தான். எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். நீங்கள்தானே எழுதினீர்கள். கோகுலன் நித்திரையாய்க் கிடந்த ஒரு பகலில் கீழே படுத்துக் குழாயைத் தள்ளினேன். ஆணியைத் தட்டி எடுக்கக் கை இரண்டும் தோலுரிந்துவிட்டது. அதைத் தையல் மெசின் லாச்சிக்குள் போட்டுவிட்டு வந்து சோறு வடித்தேன். முதல் கடிதத்தில் லீவர் வரிகளோடேயே அவன் எழும்பிப் போய்விட்டான், குழாயைப் பற்றிக் கேட்கவில்லை. ஆணியைக் கழற்றிய பிறகு உங்கள் கடிதங்களை அவனுக்கு வாசிக்கும்போது குழாய் வருகிற வரிகளை விட்டுவிட்டு வாசித்தேன்.

இதை அங்கே யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். அவன் கடலேரிக் கரையிலிருந்து கள்ளமாய் மணல் ஏற்றுகிறான் என்பது எனக்கு வாழைக்குட்டி கருகியபோதே தெரியும். உப்புத் தண்ணீரில் வேறென்ன நடக்கும். நீங்கள் ஏற்றின அதே மணல், அதே லைற் இல்லாத பெட்டி, அதே ரோட்டு. நீங்களும் அவனோடு சேர்ந்துதான் இதைச் செய்கிறீர்கள் என்பதுதான் எனக்குப் பிந்தித் தெரிந்தது. ஆவணியில் மெசின் புதைந்தது என்று எழுதினேன். எங்கள் வயல் ஆவணியில் பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். அதில் மெசின் புதையாது என்று என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கே புதைந்தது என்று நீங்கள் கேட்கவேயில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் கேட்பீர்கள் என்று பார்த்தேன்.

முனாஸ் நானாவை ஏசவேண்டாம். அவர் கீழே படுத்த உடனேயே கண்டுவிட்டார். கோகுலன் ஸ்பனர் எடுக்கப் போன நேரம் எழும்பி, கையைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, உந்த ஆணி தன்பாட்டில விழாது."

"இவன் எங்க போறவன் எண்டு உங்களுக்குத் தெரியுமே நானா?"

அவர் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தார். கோகுலன் வந்ததும், "கொழும்பில இருந்து சாமான் வரவேணும் தம்பி, சுணங்கும்" என்றார். வந்ததற்குக் கூலியும் வாங்கவில்லை.

நீங்கள் சொல்லி அனுப்பினபடி கோகுலன் வந்த கையோடு குழாயைத் தள்ளிப் பார்த்துவிட்டான். குசினி வாசலில் வந்து நின்றான். உடுப்பெல்லாம் கிறீஸ்.

"அண்ணி, ஆணி எங்க?"

"லாச்சிக்குள்ள கிடக்கு."

"அண்ணைக்காகத்தானே போறன். அவர்தான் போகச் சொன்னவர். உங்களுக்கு அவர் வெளியில வாறது விருப்பமில்லையே?"

விருப்பமில்லையா, அத்தான்? விதானையார் வீட்டில் கலியாணத்துக்குக் கூப்பிட்டால் போகமாட்டேன், கடைக்குப் போனால் தலையைக் குனிந்துகொண்டு வருவேன். இரண்டு பாயை விரித்து ஒன்றில் படுக்கிறேன். எனக்கா விருப்பமில்லை?

அவனுக்குச் சொன்னது இதுதான். "அவர் ரெண்டு வரியம் சுணங்கி வந்தாலும் நான் இருப்பன். நீயும் அங்க போய்ச் சேர்ந்தா மாமி இருக்கமாட்டா. பேப்பரில இன்னொரு வீட்டுப் பொடியன்ரை படம் வந்தா நானும் இருக்கமாட்டன்." சொல்லிவிட்டு ஆணியை எடுத்து மேசையில் வைத்தேன். "எனக்கு மறிக்கேலுமான மட்டும் மறிச்சிட்டன். இனி உன்ரை யோசனை."

அவன் எடுத்துக்கொண்டு போனான். பூட்டுகிற சத்தம் கேட்டது. அடுத்தநாட் காலை மெசின் வெளிக்கிட்டது. எங்கள் ஒழுங்கை முடக்கில் இடப்பக்கம் திரும்பினால் கரை, வலப்பக்கம் வயல். நான் அடுப்படியில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். முடக்கில் மெசின் நின்றது. இஞ்சின் ஓடிக்கொண்டேயிருந்தது. பால் பொங்கி வழிந்ததையும் நான் பார்க்கவில்லை. பிறகு சத்தம் வயற்பக்கமாய்ப் போனது.

விதைநெல்லைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பள்ளப் பக்கம் நல்ல சேறு. ஓரிடத்தில் பின்சில்லு சுற்றத் தொடங்கியது. கோகுலன் லீவரைப் போட்டான். முன்சில்லு இரண்டும் மண்ணைப் பிடித்து ஏறின. அவன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. உழுதான், நான் விதைத்தேன். பிந்தித்தான் போச்சு, ஆனாலும் முளைக்கும்.

செல்வநாயகம் பின்னேரம் வந்தார். "வயல் வேலை கிடக்கு, இனி உந்த வேலைக்கு வரேலாது" என்று கோகுலன் படலையடியிலேயே சொல்லி அனுப்பிவிட்டான்.

உங்கள் மேன்முறையீட்டை நான்தான் கெடுத்தேன். அது எனக்குத் தெரியும். ஏசி எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள்.

அருந்ததி

*

வட்டுக்கோட்டை
03.12.2024

அன்புள்ள அத்தானுக்கு,

சுகமா என்று கேட்கவே பயமாயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். விடிய பஸ் எடுத்து வந்து வரிசையில் நின்றேன். உங்கள் பெயரைக் கூப்பிட்டார்கள். திரும்பவும் கூப்பிட்டார்கள். ஒரு பெண் காவலர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, கொச்சைத் தமிழில், "வர மாட்டாராம்" என்றா. சாப்பாட்டுப் பார்சலை, மகனைப் பார்க்க வந்து பக்கத்தில் நின்ற மனிசியிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நீங்கள் நல்லாயிருக்கிறீர்கள் என்று சொன்னேன். மாமி, "மெலிஞ்சிட்டானோ?" என்று கேட்டா. "இல்லை" என்றேன்.

நெல் முளைத்துவிட்டது.

அருந்ததி

*

அநுராதபுரம்
02.01.2025

அன்பின் அருந்ததிக்கு,

உடம்பு சுகம். நீயும் அம்மாவும் கோகுலனும் அப்படியே என்று நினைத்துக்கொள்கிறேன்.

என் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. நீ வந்திருக்கிறாய் என்றும் சொன்னார்கள். சுவர்ப்பக்கம் திரும்பி இருந்தேன். எழும்பினால் உன்னை ஏசிவிடுவேன் என்று இருந்தேனா, அல்லது உன் முகத்தைப் பார்க்க முடியாமலா, தெரியவில்லை. அன்று முழுக்க நடந்தேன். சாப்பாட்டை வாங்கிக்கொண்ட அந்த அம்மாவின் மகன் என்னிடம் வந்து, "அண்ணை, உங்கடை வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு" என்று ஒரு பிடி நீட்டினான். வாங்கவில்லை.

சட்டத்தரணி வரவில்லை. இனி வரமாட்டார்.

இதை எழுத வைத்தது வேறொன்று. மார்கழி நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து சிலரை இங்கே மாற்றினார்கள். அதில் கஜீபன் என்றொரு பொடியன். கோகுலனைவிட ஒரு வயது குறைவாய்த்தான் இருக்கும். பாய் விரிக்க இடமில்லாமல் என் பக்கத்தில் போட்டார்கள். என்ன வழக்கு என்று கேட்டேன். மணல். கரையில் புதைந்துவிட்டதாம், பொலிஸ் வந்துவிட்டதாம்.

"ஓடியிருக்கலாமே?"

"மெசின் அப்பற்றை அண்ணை. எப்பிடி விட்டிட்டு ஓடுறது?"

யாருக்கு ஏற்றினாய் என்றேன். செல்வநாயகத்துக்கு. எங்கள் மெசின் நின்ற பிறகு தன்னைக் கேட்டாராம். சட்டத்தரணி பிடித்துத் தருவார் என்று இவனும் காத்திருந்திருக்கிறான். தகப்பன் போய்க் கேட்டதற்கு, ஆளையே தெரியாது என்றாராம்.

முன்சில்லு இழுத்திருந்தால் தான் பிடிபட்டிருக்கமாட்டேன் என்று இவன் ஒவ்வொரு நாளும் சொல்கிறான். என்ன பிழை, எதைப் பார்த்திருக்க வேண்டும் என்று என்னிடம் கேட்கிறான். எனக்குத் தெரியும். லீவரில் தொடங்கி எல்லாவற்றையும் சொல்லலாம். வாய் வரவில்லை. நித்திரையில் அழுகிறான். எழுப்பிவிட்டுத் தண்ணீர் கொடுக்கிறேன். அவனில் முதலில் கோகுலனின் முகம்தான் தெரிந்தது. இப்போது ஜெயசுதனின் முகமும் தெரிகிறது. அந்த அறிவித்தலைப் பற்றி நீ எழுதியபோது நான் ஒரு வார்த்தை பதில் எழுதவில்லை.

கோபம் போய்விட்டதென்று பொய் எழுதமாட்டேன். சில நேரம் வருகிறது. தைப்பொங்கல் வரப் போகிறது, நான் வெளியே இல்லை. ஆனால் கோகுலன் இந்தப் பாயில் இல்லை. அதை நீ செய்தாய்.

பயிர் எப்படி நிற்கிறது? பள்ளப் பக்கம் தண்ணீர் நின்றால் வரம்பை வெட்டிவிடச் சொல். வசதிப்பட்டால் ஒரு ஞாயிறு வா. முதல் தரம் கூப்பிடும்போதே வருவேன்.

மயூரதன்

*

வட்டுக்கோட்டை
10.01.2025

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லோரும் சுகம். உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படலையடியில் நின்றபடியே வாசித்தேன். பிறகு மாமிக்கு வாசித்துக் காட்டினேன், ஒரு வரியும் விடாமல். அவ முதலில் உங்களுக்காக அழுதா, பிறகு அந்தக் கஜீபனுக்காக அழுதா.

கோகுலனுக்கும் வாசித்தேன். எழும்பிப் போய் வரம்பை வெட்டிவிட்டு வந்தான். வந்து, "அண்ணி, ஞாயிறு நானும் வாறன்" என்றான். அவனோடு ஏசாமல் கதையுங்கள். அவனுக்கும் உங்களைப் பார்க்கப் பயம்.

இரண்டு பேருக்குப் போதுமானதாய்ச் சமைத்துக் கொண்டு வருகிறேன். அந்தப் பொடியனுக்குக் காரம் பிடிக்குமா என்று கேட்டு எழுத...

இல்லை, எழுத வேண்டாம். பதில் வந்து சேரமுன் நான் அங்கே நிற்பேன்.

அருந்ததி